பத்து வருட வேலைக்கு ஒரு பைல்: கொழும்பில் தோட்டத்தைச் சீரமைக்கும் குழுக்களுக்கு

தோட்டத்தை, அதாவது சந்துகளில் வீடுகள் நெருங்கி நிற்கும் குடியிருப்பை, சீரமைக்க ஒரு கொமிட்டி போட்டாயிற்று, இனி எந்த அலுவலகத்துக்குப் போவது, கையில் என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வடகொழும்பில் நாங்கள் இருக்கும் தோட்டத்தில் கான் (வடிகால்), வெளிச்சம், பொதுக் கழிப்பறை, நடைபாதை என்று ஒவ்வொன்றாகச் செய்து வருகிறோம். வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் நாங்கள் அலைந்த அலைச்சலில் பாதியாவது உங்களுக்குக் குறையட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைகள் காசில்லாமல் நிற்பதைவிட ஆள் மாறி நிற்பதுதான் அதிகம். பொறியியலாளருக்கு இடமாற்றம் வரும். மாநகர சபை உறுப்பினர் அடுத்த தேர்தலில் தோற்பார். உங்கள் செயலாளர் கட்டாருக்குப் போவார். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இன்று இதைச் செய்பவர் நாளை இல்லாவிட்டால், அடுத்தவர் எங்கிருந்து தொடங்குவார்?

1. வீடுகளை எண்ணுங்கள்

திட்டம் பிறகு. முதலில் உங்கள் எல்லை எது, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். ஒரு பெரிய தாளில் முடுக்குகளையும் குழாயடியையும் கானையும் வரைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் போடுங்கள். பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் கொப்பி) வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அந்தப் பக்கத்தில் என்னென்ன வேண்டும்? வீட்டின் வரிப்பண இலக்கம் (மாநகர சபை வரிக்காக வீட்டுக்குக் கொடுத்த இலக்கம்) இருந்தால் அது. இருப்பவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம். ஒரே கூரைக்குக் கீழே எத்தனை குடும்பம். மின்சாரப் பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும் யார் பெயரில் வருகின்றன. எந்த ஆண்டிலிருந்து வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது. நிலத்துக்கு என்ன பத்திரம் இருக்கிறது: உறுதியா, குத்தகையா, அனுமதிப்பத்திரமா, பழைய கணக்கெடுப்பில் கொடுத்த அட்டையா, ஒன்றுமே இல்லையா.

“ஒரே கூரைக்குக் கீழே எத்தனை குடும்பம்” என்ற கேள்வியை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். மகளைக் கட்டிக்கொடுத்து மேல் தட்டில் வைத்திருப்பார்கள், அண்ணன் தம்பி இரண்டு அடுப்பு வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் கணக்கெடுப்பு கதவைத்தான் எண்ணும். பிறகு வீடு கொடுக்கும் திட்டம் ஏதும் வந்தால், ஒரு கதவுக்கு ஒரு வீடு என்று முடிந்துவிடும். உங்கள் பதிவு அதற்கு முந்திய திகதியில், குடியிருப்பவர்களின் கையொப்பத்தோடு இருந்தால் வாதாட ஒரு பிடி கிடைக்கும்.

பழைய வாக்காளர் இடாப்புப் பிரதிகளை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கட்டணம் கட்டி உறுதிப்படுத்தி எடுக்கலாம். பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கும்போது பலர் எடுத்திருப்பார்கள். அதை வீசியிருக்கமாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

இந்த வேலையைப் பெண்களிடம் கொடுப்பதே சரி என்பது என் முடிவு. பகலில் வீட்டில் இருப்பவரிடம் பேசுவதும் அவர்களுக்குச் சுலபம், எந்த வீட்டில் யார் உண்மையில் இருக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

2. எது யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடியுங்கள்

கொழும்பில் அதிக நாள் வீணாவது இங்கேதான். தவறான அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதம் திரும்பி வராது, அங்கேயே கிடக்கும்.

ஏ, பி என்று வகுத்திருக்கும் பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. உள் வீதிகள் மாநகர சபையுடையவை. தெருவிளக்கு மாநகர சபை. குடிநீர்க் குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, ஆனால் மாநகர எல்லைக்குள் கழிவுநீர்க் குழாயைப் பராமரிப்பது மாநகர சபை. இதைத் தெரியாமல் மலக்குழி பொங்குகிறது என்று தண்ணீர் சபைக்கு எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தோட்டத்துக்குள் ஓடும் சிறு கான் மாநகர சபையைச் சேரும். அது போய் விழும் பெரிய கால்வாய் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தைச் சேரும். ரயில் பாதை ஓரம் என்றால் ரயில்வே திணைக்களம், துறைமுகத்தை ஒட்டிய இடம் என்றால் துறைமுக அதிகார சபை.

நிலம் இன்னும் சிக்கல். நகர அபிவிருத்தி அதிகார சபையுடையதாக இருக்கலாம், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையுடையதாக இருக்கலாம், மாநகர சபையுடையதாக இருக்கலாம், தனியாருடையதாகவும் இருக்கலாம். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கலாம். அங்கே பதிவு எதுவும் கிடைக்காவிட்டால், 6 ஆம் படியில் சொல்லும் தகவல் உரிமை விண்ணப்பத்தை மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். “எங்களுடையது இல்லை” என்ற பதிலும் ஒரு பதில்தான். அதையும் பைலில் போடுங்கள்.

கூடவே நகர அபிவிருத்தி அதிகார சபை வர்த்தமானியில் வெளியிட்ட கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டத்தில் உங்கள் தோட்டம் எந்த வலயத்தில் விழுகிறது என்று பாருங்கள். தலைமை அலுவலகம் பத்தரமுல்லை செத்சிறிபாயவில் இருக்கிறது. வீதி அகலிப்புக் கோடு உங்கள் முதல் வரிசை வீடுகளை வெட்டிக்கொண்டு போகிறதா என்பதை மாநகர சபையின் தெருக்கோட்டுச் சான்றிதழ் காட்டும். அகலிக்கப் போகும் இடத்தில் நீங்கள் சீமெந்து நடைபாதை போட்டு என்ன பயன்?

3. குழுக்களை வேலையை வைத்துப் பிரியுங்கள்

தலைவர், செயலாளர், பொருளாளர் பதிவுக்குத் தேவை. வேலை அவர்களால் மட்டும் நடக்காது. கானுக்கு ஒரு குழு, குப்பைக்கு ஒன்று, வெளிச்சத்துக்கும் பாதைக்கும் ஒன்று, கடிதத்துக்கும் பைலுக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பேராவது இருக்கட்டும். ஒருவர் விலகினாலும் இரண்டு பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

புதிதாக ஆள் தேடவேண்டாம். அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் மரணாதாரச் சங்கம் ஒன்று இருக்கும். சாவு வீட்டுக்குக் கூடாரமும் கதிரையும் கொடுத்து, மாதாமாதம் சந்தா எடுத்து, கணக்குக் காட்டிப் பழகியவர்கள் அவர்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் அந்தக் கொப்பியில் இருப்பார்கள். அந்த நம்பிக்கையின் மேல் ஏறி நில்லுங்கள். ஆனால் மரணாதாரக் காசையும் சீரமைப்புக் காசையும் ஒருநாளும் ஒன்றாகக் கலக்காதீர்கள். சீட்டுப் பிடிப்பவரைப் பொருளாளராகவும் போடவேண்டாம். அவர் நல்லவராகவே இருந்தாலும், சீட்டு ஒன்று உடைந்தால் இரண்டு காசும் சந்தேகத்துக்குள் போகும்.

கட்சிக்காரர்களை என்ன செய்வது? ஒதுக்கவும் முடியாது, தலைமையில் வைக்கவும் கூடாது. எல்லாக் கட்சிக்காரரையும் குழுக்களில் சேருங்கள். கடிதத் தலைப்பில் எவர் பெயரும் வேண்டாம்.

4. பதிவும் வங்கிக் கணக்கும்

மாநகர சபைக்குள் சமூக அபிவிருத்தி சபையாகப் பதிவு செய்வது ஒரு வழி. பிரதேச செயலகம் ஊடாகச் சங்கமாகப் பதிவது இன்னொன்று. மாநகர எல்லைக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள் இருக்கின்றன: கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் கொழும்பு பிரதேச செயலகம், வெள்ளவத்தை, கிருலப்பனைப் பக்கம் திம்பிரிகஸ்யாய. உங்கள் வேலைகளில் அதிகம் மாநகர சபையோடு என்றால் முதல் வழியையே எடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே தொடர்மாடிச் சட்டப்படி வீட்டுச் சொந்தக்காரர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அமையவேண்டும். அதற்குக் கூட்டாதன (தொடர்மாடி) முகாமைத்துவ அதிகார சபையிடம் போகவேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: யாப்பு (சங்கத்தின் விதிகள்), ஆரம்பக் கூட்ட அறிக்கை, வந்தவர்களின் கையொப்பத் தாள், நிர்வாகிகளின் அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். யாப்பை நீட்டி எழுதாதீர்கள், ஆனால் மூன்று விஷயம் கட்டாயம் இருக்கட்டும். நிர்வாகிகளின் பதவிக்காலம், காசோலையில் எந்த இருவர் ஒப்பமிடுவது, சங்கம் கலைந்தால் மிச்சக் காசு எங்கே போகும். மூன்றாவதை விட்டுவிட்டால் யாப்பைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

வங்கிக்குப் போகும்போது இன்ன வங்கியில் இந்தக் கணக்கைத் திறக்கிறோம், இன்னார் ஒப்பமிடுவார் என்று கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தின் பிரதி தனியாக வேண்டும். ஒப்பமிடும் இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. ஒருவர் வெளிநாடு போகிறார் என்று தெரிந்தவுடனே பெயரை மாற்றுங்கள். அவர் விமானம் ஏறிய பிறகு மாற்றுவது பெரிய இழுபறி.

கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். கதவில் ஒட்டியிருக்கும் நாட்களைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

5. திட்டத்தை ஒரே தாளில் எழுதுங்கள்

பத்து வருடத் திட்டம் என்றால் தடித்த புத்தகம் தேவையில்லை. ஒரு தாளை மூன்றாகப் பிரியுங்கள்: இந்த ஆண்டு, மூன்று ஆண்டுக்குள், பத்து ஆண்டுக்குள். விளக்கு, குப்பை நேரம், அடைத்த கான் முதல் கட்டத்தில் வரட்டும். சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும் வேலை ஒன்று நடந்தால்தான் ஆட்கள் அடுத்த கூட்டத்துக்கு வருவார்கள். நடைபாதை, கழிவுநீர் இணைப்பு இரண்டாவதில். நில உரிமை கடைசியில், ஆனால் அதற்கான ஆவணம் சேர்ப்பது முதல் நாளிலிருந்தே.

பாதை போடுவதற்கு முன் கான், கானுக்கு முன் கழிவுநீர்க் குழாய். மாற்றிச் செய்தால் போட்ட கொங்கிரீட்டை உடைக்க நேரும். மழைநீரைக் கழிவுநீர்க் குழாய்க்குள் விடும் வீடுகளையும் அப்போதே பேசி நிறுத்துங்கள். அடைமழைக்கு மலக்குழி மூடி தூக்குவது அநேகமாக அதனால்தான்.

6. கடிதம் கொடுக்கும் முறை

ஒரு கடிதத்தில் ஒரு வேலை மட்டும். கானும் விளக்கும் ஒரே கடிதத்தில் இருந்தால் இரண்டு பிரிவும் மற்றதன் வேலை என்று விட்டுவிடும். படம் இரண்டு, வரைபடம் ஒன்று, எத்தனை வீட்டுக்குப் பயன் என்ற எண்ணிக்கை போதும்.

தமிழில் எழுதுங்கள். அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் அந்த உரிமையைத் தருகிறது. பதிலும் தமிழில் வரவேண்டும். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். இருந்தாலும் நாங்கள் சிங்களப் பிரதியையும் சேர்த்தே கொடுக்கிறோம். உரிமையை விட்டுக்கொடுப்பதற்காக இல்லை. மொழிபெயர்ப்பாளருக்காகக் கடிதம் காத்துக் கிடக்கக்கூடாது என்பதற்காக. தோட்டத்தில் சிங்களம் எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும்.

இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் அங்கேயே சண்டை வேண்டாம். தபாலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை ஒட்டிவையுங்கள். எங்கள் கான் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் காணாமற்போனது. முத்திரைப் பிரதி இருந்ததால் பழைய திகதியிலேயே மறுபடி ஏற்றுக்கொண்டார்கள்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதவேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. உறுப்பினரில் முக்கால்வாசிப் பேராவது இலங்கைப் பிரஜைகள் என்றால் சங்கத்தின் பெயரிலும் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். ஏ4 அளவில் முதல் நான்கு பக்கம் இலவசம், அதற்கு மேல் பக்கத்துக்குச் சிறு தொகை. மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

கேள்வியில்தான் தந்திரம் இருக்கிறது. “ஏன் கான் கட்டவில்லை” என்று கேட்டால் தகவல் கிடைக்காது. “இன்ன திகதியில் ஒப்படைத்த கடிதத்தின் மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் பிரதி”, “இந்த வீதிக்கு ஒதுக்கிய தொகை, மதிப்பீட்டின் பிரதி” என்று தாளைக் கேளுங்கள்.

7. எப்போது என்ன செய்வது

மாநகர சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேறும். ஆகவே பெரிய வேலைக்கான கோரிக்கை ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே பொறியியல் பிரிவின் மேசைக்குப் போயிருக்கவேண்டும். நவம்பரில் கொடுப்பவருக்கு “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்பதுதான் பதில். நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியை (அவர் பகுதி வேலைகளுக்கு ஒதுக்கும் அரச காசு) கேட்பதென்றால் ஆண்டின் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

தோண்டும் வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மே மாதம் தென்மேல் பருவமழை வந்துவிடும், ஒக்டோபர், நவம்பரில் மாலை மழை அடித்து ஊற்றும். ஆண்டு முடிவதற்குள் காசைச் செலவழிக்கவேண்டும் என்று நவம்பரில் கானை வெட்டத் தொடங்கினால், பொறியியலாளரிடம் போய்த் திகதியைக் கேட்டு வாங்கி, எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

8. கைக்காசு

பதிவு, போட்டோ கொப்பி, பதிவுத் தபால், ஆட்டோ, சான்றிதழ்க் கட்டணம். பெரிய தொகை இல்லை, ஆனால் ஒருவரின் சட்டைப்பையிலிருந்தே போய்க்கொண்டிருந்தால் அவர் விரைவில் ஒதுங்கிவிடுவார். வீட்டுக்கு மாதம் சிறு தொகை, வாங்கும் காசுக்கெல்லாம் ரசீது, மாத முடிவில் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டுதல். ஒரு கைலஞ்சம் கேட்டாலும் சங்கக் காசிலிருந்து கொடுக்கவேண்டாம். ஒருமுறை கொடுத்தால் அதுவே உங்கள் தோட்டத்தின் விலையாகிவிடும்.

வரிப்பண இலக்கம் உள்ள வீடுகள் மதிப்பீட்டு வரியை நேரத்துக்குக் கட்டட்டும். முழு ஆண்டுக்குமானதை ஜனவரி 31 க்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கிறது. அந்த ரசீதுகள் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கான சான்று. எதையும் வீசாதீர்கள்.

9. வேலை நடக்கும்போது

ஒப்பந்தக்காரர் வருவதற்கு முன் வேலை அளவுப் பட்டியலின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கானின் அகலம், ஆழம், மூடிகளின் எண்ணிக்கை, கம்பியின் தடிப்பு எல்லாம் அதில் இருக்கும். தோட்டத்தில் மேசன்மார் இருப்பார்கள். அவர்களில் இருவரைக் கான் குழுவில் போட்டு, மூடுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் நாடாவோடு படம் எடுக்கச் சொல்லுங்கள். கொங்கிரீட் மூடிய பிறகு கம்பியை யாராலும் காட்ட முடியாது.

சிறு வேலைகளைச் சங்கமே சமூக ஒப்பந்தமாக எடுக்கலாம். கூலி தோட்டத்துக்குள்ளேயே சுழலும், தரத்திலும் அக்கறை இருக்கும். ஆனால் காசு கட்டம் கட்டமாகத்தான் வரும். சீமெந்துக்கும் மணலுக்கும் முதல் போட வழி இல்லாமல் ஒப்பமிடாதீர்கள்.

10. வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தால்

கொழும்பில் நகரப் புத்துயிர்ப்பு என்ற பெயரில் தோட்டங்களை எடுத்து மக்களை அடுக்குமாடிக்கு அனுப்புவதும் நடக்கிறது. நல்ல வீடு கிடைத்து நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, தொழிலும் பாடசாலையும் தூரமாகித் தவிப்பவர்களும் உண்டு. போவதா இல்லையா என்பதை உங்கள் தோட்டம் முடிவு செய்யட்டும். ஆனால் நாட்கள் ஓடும், அதைக் கவனியுங்கள்.

முதலில் அறிவித்தல் எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்று பாருங்கள். தனியார் காணி என்றால் 1950 ஆம் ஆண்டின் காணி கொள்ளல் சட்டம். அதில் 2 ஆம் பிரிவு அறிவித்தல் தொடக்கம் மட்டுமே. 4 ஆம் பிரிவில் ஆட்சேபம் கேட்பார்கள். 7 ஆம் பிரிவில் நட்டஈட்டுக் கோரிக்கை கேட்பார்கள். ஒவ்வொன்றிலும் கடைசித் திகதி இருக்கும். அரச காணி என்றால் 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க உடைமை மீட்புச் சட்டத்தின் கீழ் வெளியேற்ற அறிவித்தல் வரலாம். குறைந்தது 30 நாள் தரவேண்டும். அதன் பிறகு நீதவான் நீதிமன்றம். அங்கே எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்பதைவிட, அரசு எழுத்தில் தந்த செல்லுபடியான அனுமதி இருக்கிறதா என்பதையே பார்ப்பார்கள். 1 ஆம் படியில் அனுமதிப்பத்திரத்தை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எதிலும் கையொப்பம் போடவேண்டாம். தமிழ்ப் பிரதி கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் பரப்பு, எந்தக் கட்டிடம், எந்த மாடி, மாதம் எவ்வளவு, எத்தனை வருடம், பராமரிப்புக் கட்டணம் யாருக்கு, உறுதி எப்போது என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்த விஷயத்தில் வாய்ச்சொல்லுக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

அடிப்படை உரிமை மீறல் என்று நினைத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாத அவகாசம்தான். அந்த மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். அறிவித்தல் ஒட்டிய அன்றே படம் எடுத்துத் திகதியைக் குறியுங்கள். பின்னால் எல்லாக் கணக்கும் அந்தத் திகதியிலிருந்துதான்.

11. பைலைக் கைமாற்றுதல்

ஒவ்வொரு ஜனவரியும் ஒரு கூட்டத்தில் பைலைத் திறந்து வையுங்கள். எந்தக் கடிதம் நிலுவையில், எந்த அலுவலரைப் பார்க்கவேண்டும், அடுத்த திகதி என்ன என்று முதல் பக்கத்தில் ஒரு பட்டியல். பழைய செயலாளரும் புதியவரும் அதில் ஒப்பமிடவேண்டும். இடமாற்றத்தில் புதிய பொறியியலாளர் வந்த வாரமே கடிதக் குழுவில் இருவர் போய், பழைய கடிதங்களின் பிரதிகளைத் தொகுத்து ஒரு கவரில் கொடுத்து முத்திரை வாங்கி வரட்டும். முழு பைலின் பிரதி ஒன்று வேறொரு வீட்டில், வெள்ளம் ஏறாத மேல் தட்டில் இருக்கட்டும். போனில் எடுத்த படங்களைக் குழுவில் மூன்று பேராவது வைத்திருங்கள்.